என் கேமிரா, எங்கள் ஊர் கேட், அவன் படம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இருபத்து நான்கு மைல். பஸ் கட்டணம் எழுபத்தைந்து நயா பைசா. வழியில் ஏறி இறங்க மலையில்லை, படகில் கடக்க ஆறில்லை. காசிக்கும் கயிலாயத்துக்கும் போனவர்கள் பயணக் கட்டுரை எழுதும் நாட்டில் இதை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றெரிச்சலோடு போகிறவனுக்கு இருபத்து நான்கு மைலும் தூரம்தான். நான் அப்படித்தான் போனேன்.

விழுப்புரத்தில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய பதினாறு மில்லிமீட்டர் சினிமா கேமிராவும் ஒன்று உண்டு. அதை வைத்துப் பனமலைக் கோயிலைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தேன். டில்லியில் நடக்கும் தேசியத் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.

திண்டிவனத்து ஜெயபாலும் ஒரு படம் அனுப்பினான். என் கடைக்குப் பிலிம் வாங்க வந்து வந்து சினேகிதமானவன் அவன். அவன் படம் தேர்வாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, அவன் அதை எடுத்தது என் கேமிராவில். "அண்ணே, ஒரு வாரம் குடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன்" என்று கேட்டான், கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்தபோது என்ன எடுத்தாய் என்று விசாரித்தேன். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா ஜனங்களைத்தான்" என்றான். ஜனங்களைத்தானே, அதில் என்ன இருக்கப் போகிறது என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

விழாவில் காட்டிய குறும்படங்களை ஒரு பெட்டியில் போட்டு இப்போது ஊர் ஊராகக் கொண்டுவருகிறார்கள். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திண்டிவனத்தில் ஒரு டாக்கீஸில் பிற்பகல் மூன்று மணிக்குக் காட்சி. ஆளுக்கு இருபத்தைந்து நயா பைசா, தரையானாலும் நாற்காலியானாலும் ஒரே விலை.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன். என் மனைவி சரோஜா வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்கு ஒரு முடிவோட வாங்க. அந்த டப்பாவை வெச்சிக்கிறதா, விக்கிறதா? நீங்களும் அதுல படம் எடுக்கறதில்ல. அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டுத் தூங்கறதும் இல்ல."

டப்பா என்று அவள் சொன்னது கேமிராவைத்தான். என் முடிவு ஏற்கெனவே தயார். ஜெயபாலின் படம் மோசமாக இருந்தால் சிபாரிசில் போயிருக்கிறது என்று அர்த்தம். கேமிராவை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். நன்றாக இருந்தால் அடுத்த வாரமே விற்றுவிடுவது. நன்றாக இருக்காது என்பதில் எனக்கு முக்கால்வாசி நம்பிக்கை.

எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். வழக்கம்போல் மூடியிருந்தது. விழுப்புரம் ஜங்ஷன் என்பதால் எங்கள் ஊர் கேட் மூடியிருக்கும் நேரம்தான் அதிகம். திட்டிக்கொண்டே நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு வைக்கோல் வண்டி வந்து நின்றது, மாடு என் முதுகில் மூச்சு விட்டது. வாட்ச்சைப் பார்த்தேன். ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்ச் சேர்ந்ததும்தான் விட்டார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் நகர்ந்த பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து ஸீட்டில் விக்கிரவாண்டிக்காரர் ஒருவர், மடியில் மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஏறியதிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர் முண்டியம்பாக்கம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"எங்க, கல்யாணத்துக்கா?"

"சினிமா பாக்கப் போறேங்க. திண்டிவனத்துல."

"இன்னா படம்?"

"பெரிய படமில்ல. சின்னச் சின்னப் படம். பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம் ஓடும்."

"ஓ, பெரிய படம் போடறதுக்கு மின்னாடி காட்டுவாங்களே, டேம் கட்டறது, வெள்ளம் வந்தது, அதுவா?" அவர் என் சட்டையையும் வாட்ச்சையும் இன்னொரு தடவை பார்த்தார். "அதுக்கா சார்ஜு குடுத்துப் போறீங்க? அது ஓடறப்போ நாங்க பீடி குடிக்க வெளிய போயிடுவோம். பெல் அடிச்சாத்தான் உள்ள வர்றது."

சிரித்து வைத்தேன். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. விக்கிரவாண்டியில் ஒரு கை மல்லாட்டையை என் கையில் அள்ளிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

விக்கிரவாண்டியிலிருந்து மேற்கே போகிறவர்கள் பனமலைக்குப் போகலாம். பல்லவர் கட்டிய கோயில் குன்றின் உச்சியில் இருக்கிறது, கீழே ஏரி. அந்தப் பக்கத்திலேயே மண்டகப்பட்டுக் குகைக் கோயிலும் இருக்கிறது. மூன்று மாதம் நான் இந்த இரண்டுக்கும் அலைந்தேன். விடியற்கால வெளிச்சத்துக்காகக் குன்றின்மேல் குளிரில் உட்கார்ந்தேன். கோயிலுக்குள் ஓர் ஆள்கூடத் தெரியாதபடி, பூசை செய்கிறவரைக்கூட வெளியே நிற்கச் சொல்லி, கல்லை மட்டும் எடுத்தேன். வர்ணனையை நானே எழுதி நானே பேசினேன். என் குரல் கேட்டுச் சரோஜா நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, கோயிலில் ஏன் யாருமே இல்லை என்று கேட்டாள். பனமலைக்குப் பிரியும் இடத்தைப் பஸ் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திண்டிவனம். திந்திரிணி என்றால் புளியாம், ஆகவே ஊர்ப் பெயரிலும் புளியமரம் இருக்கிறது, சாலையிலும் இருக்கிறது. ஹோட்டலில் இரண்டு இட்லியும் காப்பியும் முடித்துவிட்டு டாக்கீஸுக்கு நடந்தேன். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இருபத்தைந்து நயா பைசாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கலாம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? வாசலில் ஒரு தட்டி வைத்து, படங்களின் பெயரை எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக ‘பத்து நிமிஷம்’, ஜெயபால், திண்டிவனம். பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது எனக்கு அவசியமில்லை என்று பட்டது.

ஜெயபால் புது வேட்டியில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன். உங்க கேமிராண்ணே. நீங்க இல்லாம இது நடக்குமா?"

இப்படிப் பேசுகிறவர்களை வெறுப்பது மிகவும் சிரமமான வேலை. நான் சிரமப்பட்டேன்.

"அப்பா வந்திருக்காரு" என்று ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனான். அப்பாண்டை நயினார். தீவனூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம், சொந்த நிலம், மல்லாட்டை வியாபாரம். கையில் குடை, தோளில் மடித்துப் போட்ட துண்டு. இதுவரை சினிமாக் கொட்டகைக்குள் காலே வைத்ததில்லையாம். மகன் மண்டியில் உட்காராமல் கேமிராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஜெயபால் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறான். அவராக வண்டி கட்டிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குப் போவணும் தம்பி," என்றார் என்னிடம். "எங்கள்ல வெளக்கு வெச்சா சாப்பாடு கெடையாது. நாலரைக்கு வண்டியப் பூட்டினாத்தான் சரியா இருக்கும்."

"அதுக்கு மின்னாடியே ஆயிடும்ப்பா," என்றான் ஜெயபால். "என்து மூணாவது."

மூன்று மணிக்கு விழாக் குழுவைச் சேர்ந்தவர் மேடையேறி, இன்று காட்டப்படுபவை அனைத்தும் குறும்படங்களே என்று அழகான தமிழில் விளக்கினார். யாரும் காதில் வாங்கவில்லை. ஜெயபாலை முன்வரிசையில் பெரிய மனிதர்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். நான் பின்னால் தனியாக உட்கார்ந்தேன். முகம் எப்படிப் போகும் என்று நமக்கே தெரியாத நேரத்தில் இருட்டில் பின்வரிசைதான் பாதுகாப்பு.

விளக்கு அணைந்தது. முதல் படம் ஓர் அணைக்கட்டு. அணை திரையில் வந்ததும் எனக்கு அடுத்த முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். "நியூஸுப்பா இது. சோடா குடிச்சிட்டு வந்துடலாம்." அவ்வளவுதான். அவர் எழுந்ததைப் பார்த்து இன்னும் பத்துப் பேர், அவர்களைப் பார்த்து ஒரு வரிசை. இரண்டாவது படத்தில் மீன்வளர்ப்பு வந்தபோது டாக்கீஸே காலியாகிவிட்டது; முன்வரிசைப் பெரிய மனிதர்கள் மட்டும் தலை சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மல்லாட்டைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னப் படம் ஓடினால் வெளியே நிற்பது, பெல் அடித்தால் உள்ளே வருவது; எங்கள் ஜில்லாவில் சினிமா பார்க்கும் முறையே அதுதான். பெரிய படம் வரும் என்று அத்தனை பேரும் சோடாக் கடையில் காத்திருந்தார்கள். முன்வரிசையில் கௌரவமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஜெயபாலுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? இட்லி சாப்பிட்டபோதுகூட அவ்வளவு திருப்தி இல்லை.

பிறகு ‘பத்து நிமிஷம்’ ஆரம்பித்தது.

திரையில் எங்கள் ஊர் ரயில்வே கேட் இறங்கியது.

நான் தினமும் திட்டுகிற அதே கேட். கேமிராவை உயரத்தில், ஒரு வைக்கோல் வண்டிக்குள் ஒளித்து வைத்து எடுத்திருக்கிறான்; திரையின் ஓரத்தில் வைக்கோல் தெரிந்தது. வர்ணனை இல்லை. கேட் மூடுகிறது, ஜனங்கள் வந்து வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான் படம். தலைச்சுமைக்காரி ஒருத்தி கூடையை இறக்காமலே காலை மாற்றி மாற்றி நிற்கிறாள். தபால்காரர் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடி கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷனும் பெண்டாட்டியும் நிற்க வேண்டி வந்ததால் பேச்சில்லாமல் போய், கடைசியில் ஒரு கொய்யாப் பழத்தைப் பாதி பாதியாகத் தின்கிறார்கள். வண்டி மாடு படுத்தே விடுகிறது. ரயில் வந்தபோது அவன் ரயிலைக் காட்டவில்லை. அத்தனை முகங்கள்மேலும் பெட்டிகளின் நிழல் ஓடுவதை மட்டும் காட்டினான்.

அதற்கு நடுவில் ஒரு சைக்கிள்காரன். வாட்ச்சைப் பார்க்கிறான். கேட்டைப் பார்க்கிறான். மறுபடியும் வாட்ச்சைப் பார்க்கிறான். அவனைச் சுற்றி இத்தனையும் நடக்கிறது, அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை. அந்த ஆள் நான்தான்.

என் கேமிரா, என் ஊர் கேட், என் முகம். மூன்றும் என்னுடையவை, படம் அவனுடையது. கல்லை எடுக்க மூன்று மாதம் குளிரில் உட்கார்ந்தவன் நான். அந்தக் கேட்டில் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் பல படம் எடுத்திருக்கலாம். பொறாமை என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுமே இல்லை. இப்போதுதான் நிஜமானது வந்தது.

கேட் திறப்பதற்கு முன்பே படம் முடிந்தது. ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். ஜெயபால் சிரித்த முகத்தோடு பின்னால் திரும்பினான். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அப்பாவைத் தேடினான், காணோம். அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் இருபத்து நான்கு மைல் வந்ததே இதைப் பார்க்கத்தான். பார்த்தாயிற்று. ஆனால் பார்த்ததில் ருசி இல்லை. அவன் படம் எப்படிப்பட்டது என்று இந்தத் திண்டிவனத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. இவ்வளவு வயிற்றெரிச்சலை ஒருவனே சுமப்பது எந்த ஊர் நியாயம்?

வெளியே வந்தேன். சோடாக் கடை நிழலில் குடையை ஊன்றிக்கொண்டு நயினார் நின்றிருந்தார்.

"தம்பி, படம் எப்பப் போடுவாங்க? நாலு மணி ஆவுதே. இவங்கல்லாம் பெல் அடிக்கணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. நானும் பாத்துக்கினே நிக்கிறேன்."

"உங்க பையன் படம் முடிஞ்சிடுச்சிங்க ஐயா."

அவர் என்னை நம்பவில்லை. சோடாக் கடைப் பக்கம் திரும்பினார். ஒருவர், "அது நியூஸுங்க பெரியவரே, படம் இனிமேதான்" என்றார். பெரிய படமே கிடையாது, இன்றைக்கு எல்லாமே அப்படித்தான் என்று நான் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு. "அப்ப துட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றார்கள் சிலர். நயினார் அதில் கலந்துகொள்ளவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவன் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றார்.

ஆபரேட்டரிடம் ஓடினேன். விழாக் குழுவோடு மெட்ராஸிலிருந்து வந்தவர். மூன்றாவது படத்தை மறுபடி ஓட்ட வேண்டும் என்றேன்.

"நடுவுல முடியாது சார். எல்லாம் முடிஞ்சப்பறம் வேணா போடறேன். ராத்திரி ரயிலுக்குப் பெட்டி போவணும், ஜல்தியா முடிக்கணும். நீங்க யாரு, படம் எடுத்தவரா?"

"இல்ல," என்றேன். "கேமிரா என்து."

வாசலுக்குத் திரும்பி வந்து கூட்டத்திடம் சத்தமாகச் சொன்னேன். "விழுப்புரம் கேட்டுல நின்ன ஜனங்களைத் திருட்டுத்தனமா படம் புடிச்சிருக்காங்க. கடைசியில மறுபடியும் போடறாங்க. உங்கள்ல யாருனா இருந்தாலும் இருப்பீங்க." அந்தக் கேட்டில் நிற்காதவர் இந்தப் பக்கத்தில் யார்? அரை நிமிஷத்தில் சோடாக் கடை காலி.

நயினாரிடம் மட்டும் கணக்கைச் சொன்னேன். "கடைசியிலதான் போடுவாங்க ஐயா. ஆறு மணி ஆயிடும். உங்களுக்கு வண்டி கட்டணுமே."

அவர் மேற்கே சூரியனைப் பார்த்தார். குடையை மடக்கி என்னோடு உள்ளே வந்தார்.

மீதிப் படங்கள் அத்தனையையும் அவர் அசையாமல் பார்த்தார். பட்டுப்பூச்சி, மூங்கில் கூடை, எங்கோ வடக்கே பனி. ஐந்தரை மணிக்கு நான் வெளியே போய் இரண்டு வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தேன். வெளியே போய் வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்றேன்.

"வேணாம். அப்பவும் இப்பிடித்தான் வெளிய போனேன். வெளிய போனா போட்டுடுவாங்க."

"அப்ப இங்கேயே சாப்பிடுங்க ஐயா. பொழுது இன்னும் சாயல."

"இருட்டுல சாப்பிடறதில்ல தம்பி." சுற்றிலும் கைகாட்டினார். "இங்க எப்பவோ சாஞ்சிடுச்சி."

பழம் என் மடியிலேயே இருந்தது.

கேட் இரண்டாம் முறை இறங்கியபோது டாக்கீஸ் நிறைந்திருந்தது. "இந்தப் பொம்பளையத் தெரியும்பா", "அது கண்டமங்கலத்து மாடு" என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். கொய்யாப் பழத்துக்குச் சிரித்தார்கள். சைக்கிள்காரன் வாட்ச்சைப் பார்த்தபோது யாரோ, "இன்னாய்யா இந்தாளு, பேஜாரா இருக்கான். வாட்ச்சைப் பாத்தா கேட்டு தொறந்துடுமா?" என்றார். டாக்கீஸே குலுங்கியது. நான் இருட்டுக்குள் இன்னும் இருட்டைத் தேடினேன்.

நயினார் என் பக்கம் குனிந்தார். "அது நீதானே தம்பி?"

"ஆமாங்க."

"நல்லா நிக்கிறே," என்றார், ஆறுதலாக.

ரயில் நிழல் முகங்கள்மேல் ஓடியபோது சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. நயினாரின் கை என் முழங்கைமேல் வந்து உட்கார்ந்தது, அவருக்கே தெரிந்திருக்காது. படம் முடிந்ததும், "கேட்டு தொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டானே" என்று குறைப்பட்டுக்கொண்டே எல்லாரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஜெயபால் ஓடிவந்தான். அப்பாவைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"அப்பா, சாப்பாடு?"

"நாளைக்குச் சாப்பிட்டுக்கலாம், போ," என்றார் நயினார். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

அவ்வளவுதான் பேசினார். ஜெயபால் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். படம் தேர்வானதற்கும் கைதட்டலுக்கும் நான் பட்ட பொறாமை ஒரு பக்கம் இருக்கட்டும். என் படத்துக்காக யாரும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. அன்றைக்கு அவனிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒன்றைத்தான் பிடுங்கியிருப்பேன்.

"அண்ணே, நீங்கதான் மறுபடியும் போடச் சொன்னீங்களாமே," என்றான்.

"பிலிம்ல கொஞ்சம் கீறல் தெரிஞ்சிது," என்றேன். "அடுத்த தடவை கழுவக் குடுக்கறப்போ பாத்துக் குடு."

திரும்பும் பஸ்ஸிலும் அதே எழுபத்தைந்து நயா பைசா. வாழைப்பழம் இரண்டையும் நானே தின்றேன். திண்டிவனத்துக்கும் எங்கள் ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை: அங்கே புளியமரம் அதிகம், இங்கே ரயில் அதிகம். எட்டு மணிக்கு விழுப்புரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தால், கேட் மூடியிருந்தது.

வாட்ச்சைப் பார்க்கப் போன கையை இறக்கிக்கொண்டேன். பக்கத்தில் வைக்கோல் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் நின்ற முகங்கள் எல்லாம் ஜெயபாலின் படத்திலிருந்து இறங்கி வந்தவைபோல் இருந்தன. சொந்த ஊர் கேட்டில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன் என்று எரிச்சலாக வந்தது.

பாசஞ்சர் போனது. கேட் ஏறியது. அவ்வளவு நேரம் பொறுமையாக நின்ற ஜனங்கள் இரண்டு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் பாய்ந்து, தண்டவாளத்தின் நடுவில் சிக்கிக்கொண்டு, யாரும் நகர முடியாமல் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்தார்கள். காத்திருந்த நேரத்தில் படுத்துவிட்ட வண்டி மாடு ஒன்று எழ மறுத்தது. மூன்று பேர் வாலைப் பிடித்தார்கள். தினமும் நடப்பதுதான். அன்றைக்குத்தான் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைசி வண்டி போகிறவரை பார்த்தேன்.

சரோஜா தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "படம் எப்படி?"

"நல்லா இருந்துது. நான்கூட வர்றேன் அதுல."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "அப்ப டப்பாவை வித்துடறதா?"

"வேணாம். நாளைக்குக் கேட்டாண்ட எடுத்துக்கினு போறேன்."

"அதைத்தான் அவரு எடுத்துட்டாரே."

"அவன் சாத்தின கேட்டைத்தான் எடுத்தான்," என்றேன். "தொறந்த கேட்டு சும்மாதான் இருக்குது."